பாகப்பிரிவினையால் வந்த சமாதானம்: ஒஸ்னாப்ரூக் பேராயர் நாட்டின் வரலாறு பற்றிய ஒரு மதிப்பீடு

திருச்சபை வரலாற்று வகுப்புகளில் வெஸ்ட்பாலியா சமாதானம் பெரும்பாலும் ஒரு முடிவுரையாகவே கற்பிக்கப்படுகிறது. முப்பதாண்டுப் போர் ஓய்ந்தது. ரோமன் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டாந்தரும் ஒருவரையொருவர் அழித்துவிட இயலாது என்பதை உணர்ந்தனர். மியூன்ஸ்டர், ஒஸ்னாப்ரூக் என்னும் இரு நகரங்களில் நடைபெற்ற பேச்சுவார்த்தைகளின் பயனாக 1648 அக்டோபர் 24 அன்று உடன்படிக்கைகள் கையொப்பமாயின. இவ்வளவு சொல்லி நாம் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம். அவ்விரு நகரங்களுள் ஒன்றாகிய ஒஸ்னாப்ரூக்கே ஒரு பேராயரின் ஆட்சிக்குட்பட்ட சிறு நாட்டின் தலைநகராக இருந்தது என்பதும், அந்த நாட்டை என்ன செய்வதென்று அதே உடன்படிக்கை ஒரு விசித்திரமான விதியை வகுத்தது என்பதும் பலரது கவனத்திற்கு வருவதில்லை. ஒரு முறை கத்தோலிக்கப் பேராயரும் அடுத்த முறை லுத்தரன் பேராயரும் மாறி மாறி ஆளவேண்டும் என்பதே அவ்விதி. ஏறத்தாழ 150 ஆண்டுகள் அது நடைமுறையில் இருந்தது.

இவ்வேற்பாட்டைக் குறித்து இரண்டு கருத்துகள் வழங்கி வருகின்றன. ஒன்று, ஏளனம். ஆறு மாதக் குழந்தையைப் பேராயராகத் தெரிந்துகொண்ட நாடு என்று கூறி, பழைய ஜெர்மானியப் பேரரசின் கோமாளித்தனத்திற்கு இதனை எடுத்துக்காட்டாக்குவர். மற்றொன்று, புகழ்ச்சி. சபை ஐக்கிய இயக்கத்தின் உற்சாகத்தில் பின்னோக்கிப் பார்ப்போர், இரு சபையாரும் ஒரே நாட்டில் ஒரே அரியணையைப் பகிர்ந்துகொண்ட இவ்வேற்பாட்டைச் சகிப்புத்தன்மையின் முன்னோடி எனக் கொண்டாடுவர். இவ்விரு கருத்துகளும் மேலோட்டமானவை என்பதே நமது கருத்து. ஒஸ்னாப்ரூக்கில் நிகழ்ந்தது கோமாளித்தனமன்று; ஒப்புரவாகுதலும் அன்று. அது ஒரு பாகப்பிரிவினை. பாகப்பிரிவினை சண்டையை நிறுத்தக்கூடும். சகோதரரைச் சகோதரராக்க அதனால் இயலாது. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு அந்நாட்டின் வரலாற்றை ஆராய்வோம்.

கோலும் வாளும்

ஒஸ்னாப்ரூக் பேராயம் எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சார்லிமேன் பேரரசர் சாக்சானியரை வாளால் அடக்கிக் கிறிஸ்தவத்திற்குட்படுத்திய நாட்களில் தோன்றியது. இத்தோற்றமே சிந்தனைக்குரியது. அங்கே மேய்ப்பனின் கோல் வாளின் நிழலில்தான் ஊன்றப்பட்டது. அடுத்து வந்த நூற்றாண்டுகளில் பேரரசர்கள் பேராயர்களுக்கு நிலங்களையும் உரிமைகளையும் அளித்து வந்தனர். வாரிசில்லாத குருவானவரிடம் ஒப்படைத்த நாடு ஒரு குடும்பத்தின் தனிச் சொத்தாகிவிடாது என்னும் அரசியல் கணக்கும் அதில் இருந்தது. 1225 இல் நீதி வழங்கும் அதிகாரங்கள் உறுதிப்படுத்தப்பட்டபோது, ஒஸ்னாப்ரூக் பேராயர் தமது நாட்டிற்கு அரசராகவே ஆகிவிட்டார்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. பேராயரின் ஆன்மீக மேற்பார்வைக்குட்பட்ட மறைமாவட்டம் வேறு. அவர் அரசராக ஆண்ட நாடு வேறு. பின்னது முன்னதைவிடச் சிறியது. ஒரே மனிதர் மறைமாவட்டத்திற்கு மேய்ப்பர், நாட்டிற்கு மன்னர். அவரைத் தெரிந்துகொள்ளும் உரிமை பேராலயக் குருமன்றத்திற்கு இருந்தது. அம்மன்றத்தின் இடங்களோ பெரிதும் பிரபு குடும்பங்களின் இளைய மக்களுக்கு உரியனவாயிருந்தன. ஆகவே தேர்தல் என்று பெயர் பெற்றாலும், அது மேட்டுக்குடியினரின் உறவு வட்டத்திற்குள் நடந்த ஒன்றேயாகும்.

சீர்திருத்தம் இந்த அமைப்பின் வேரையே தொட்டது. 1530 இல் எழுந்த ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 28 ஆம் பிரிவு, பேராயரின் அதிகாரத்தைப் பற்றியே பேசுகிறது. வசனத்தைப் பிரசங்கித்தலும் திருவருட்சாதனங்களை வழங்குதலும் பாவமன்னிப்பை அறிவித்தலுமே பேராயருக்கு உரிய தெய்வீக அதிகாரம், வாளின் அதிகாரம் ஏதேனும் அவரிடம் இருக்குமாயின் அது மனித ஏற்பாட்டால் வந்ததே, இரண்டையும் கலக்கலாகாது. இதுவே அப்பிரிவின் சாரம். பேராயரே வேண்டாமென்று அது கூறவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பேராயர் தமது உண்மையான ஊழியத்திற்குத் திரும்ப வேண்டும் என்றே அது கோரியது.

ஒஸ்னாப்ரூக்கில் இக்கோரிக்கை நிறைவேறும் தறுவாய் ஒன்று வந்தது. ஒஸ்னாப்ரூக், மியூன்ஸ்டர், மிண்டன் ஆகிய மூன்று பேராயங்களையும் ஒருங்கே வகித்த பிரான்ஸ் வான் வால்டெக் சீர்திருத்தத்தின் பக்கம் சாய்ந்தார். 1543 இல் லூபெக் நகரின் கண்காணிப்பாளராயிருந்த ஹெர்மன் பொன்னுஸ் அழைக்கப்பட்டு, ஒஸ்னாப்ரூக் நகரில் சீர்திருத்த வழிபாட்டை நிலைநாட்டினார். பொன்னுஸ் அந்நாட்டின் குவாக்கன்ப்ரூக் என்னும் ஊரிற் பிறந்தவர். அந்த மக்களின் பேச்சிலேயே அவர்களுக்குப் போதிக்கக்கூடியவர். ஆனால் பேரரசரின் படை வென்றதும் வால்டெக் பின்வாங்கினார். 1548 இல் சீர்திருத்தத்தைக் கைவிட இணங்கினார். அவர் பின்வாங்கிய பிறகும் பல சபைகள் பின்வாங்கவில்லை. எந்த ஊரில் யார் போதகர், எந்த வழிபாடு என்பது அடுத்த பல ஆண்டுகள் தெளிவின்றியே இருந்தது. பல இடங்களில் மக்களே இரண்டுக்கும் இடையில் ஒரு வழியைக் கண்டுகொண்டு வாழ்ந்தனர்.

சமாதான மேசையில் ஒரு பேராயம்

இந்தத் தெளிவின்மையை ஒழிக்கப் போர் முயன்றது. 1625 இல் தெரிந்துகொள்ளப்பட்ட பிரான்ஸ் வில்லெம் வான் வார்ட்டன்பெர்க், 1628 இல் கத்தோலிக்கப் படைகளின் துணையோடு நகருக்குள் வந்தார். லுத்தரன் போதகர்கள் வெளியேற்றப்பட்டனர்; இயேசு சபையார் வந்தனர்; பல்கலைக்கழகம் ஒன்றும் தொடங்கப்பெற்றது. 1633 இல் சுவீடனின் படை நகரைக் கைப்பற்றவே எல்லாம் தலைகீழாயிற்று. வார்ட்டன்பெர்க் வெளியேற, சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்பின் மணவுறவுக்கு வெளியே பிறந்த மகனாகிய குஸ்தாவ் குஸ்தாவ்சன் நாட்டைத் தம் வசப்படுத்திக்கொண்டார். ஐந்தே ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்கள் இரு முறை வேறு வேறு வழிபாட்டிற்கு உட்படுத்தப்பட்டனர். படைவீரர் மாறும்போதெல்லாம் பலிபீடமும் மாறியது.

சமாதானப் பேச்சு தொடங்கியபோது ஒஸ்னாப்ரூக்கை விட்டுக்கொடுக்க எவரும் விரும்பவில்லை. உடன்படிக்கையின் 13 ஆம் பிரிவு இதற்குக் கண்ட தீர்வை நாம் ஊன்றி வாசிக்க வேண்டும். பிரன்ஸ்விக்-லூனெபுர்க் என்னும் லுத்தரன் அரச குடும்பம் மாக்டபர்க், பிரேமன், ஹால்பர்ஸ்டாட், ராட்சபுர்க் ஆகிய பேராயங்களில் தனக்கிருந்த எதிர்கால உரிமைகளைக் கைவிட்டது. அதற்கு ஈடாக ஒஸ்னாப்ரூக் பேராயம் அக்குடும்பத்திற்கு மாறி மாறிக் கிடைக்கும். கத்தோலிக்கப் பேராயர் இறந்தால் அடுத்தவர் அக்குடும்பத்தின் இளவரசர். அவர் இறந்தால் மீண்டும் கத்தோலிக்கர். குஸ்தாவ்சன் தமது உரிமையைத் துறப்பதற்கு 80,000 தாலர் பணம் குறிக்கப்பட்டது.

இங்கே சற்று நின்று யோசிப்போமாக. பேராயரின் இருக்கை இழப்பீடாகக் கொடுக்கப்படுகிறது. பணத்திற்கு ஈடாக விடப்படுகிறது. குடும்பப் பெயரால் எழுதி வைக்கப்படுகிறது. சபையின் குரலோ, போதகரின் குரலோ, விசுவாசிகளின் குரலோ அதில் கேட்கவில்லை. சகோதரன் தன்னோடு ஆஸ்தியைப் பங்கிட்டுக்கொள்ளும்படி கட்டளையிட வேண்டுமென்று கூட்டத்திலிருந்து ஒருவன் நம் ஆண்டவரை வேண்டிக்கொண்டதாகவும், பங்கிடுகிறவராகத் தம்மை ஏற்படுத்தியவர் யார் என்று அவர் மறுத்ததாகவும் லூக்கா 12 ஆம் அதிகாரத்திற் காண்கிறோம். 1648 இல் பங்கிடப்பட்டது ஒரு தந்தையின் ஆஸ்தி மட்டுமன்று. அவருடைய மந்தையும் ஆஸ்தியின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

பொதுவிதி வகுக்கப்பட்டபின் விவரங்களைத் தீர்க்கவேண்டியிருந்தது. 1650 ஜூலை 28 அன்று நியூரன்பர்க்கில் நிலையான ஒப்பந்தம் ஒன்று எழுதப்பட்டது. 1624 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று ஒவ்வொரு ஆலயமும் எவர் கையில் இருந்ததோ அதுவே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. அதன்படி 28 பங்குகள் கத்தோலிக்கருக்கும் 17 லுத்தரன் சபையாருக்கும் ஒதுக்கப்பட்டன. 8 இடங்கள் இரு சாராருக்கும் பொதுவாயின. பேராலயக் குருமன்றத்தில் 3 இடங்கள் புரொட்டஸ்டாந்தருக்கு உரியன. லுத்தரன் பேராயர் ஆளும் நாட்களில் கத்தோலிக்கரின் ஆன்மீகக் காரியங்களைக் கொலோன் உயர் பேராயர் கவனிப்பார். கத்தோலிக்கப் பேராயர் ஆளும் நாட்களில் லுத்தரன் சபைகளின் ஒழுங்கை அவர்களது சொந்தத் திருச்சபை மன்றமே நடத்தும்.

சட்ட நூல் என்ற முறையில் இது மெச்சத்தக்கது. ஆட்சியாளர் மாறும்போது குடிமக்களின் வழிபாடு மாறவேண்டியதில்லை என்பதை இது உறுதி செய்தது. நாடு எவருடையதோ சமயமும் அவருடையதே என்னும் 1555 ஆம் ஆண்டின் கொள்கை இச்சிறு நாட்டில் செயலற்றுப் போயிற்று. இந்நன்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. குழந்தைக்கு ஞானஸ்நானம் பெறவும் இறந்தவரை அடக்கம் செய்யவும் படைவீரரின் அனுமதியை எதிர்நோக்கியிருந்த ஒரு தலைமுறைக்கு, நாளையும் இதே போதகர் இருப்பார் என்னும் உறுதி எத்துணைப் பெரிய ஆறுதல் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆயினும் அளவுகோல் எத்தகையது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு சபை இன்று எதை விசுவாசிக்கிறது என்று எவரும் வினவவில்லை. 1624 இல் சாவி யாரிடம் இருந்தது என்பதே வினா. ஓர் ஊரின் பெரும்பான்மையோர் லுத்தரன் சபையாராயிருந்தும் அவ்வாண்டில் குருவானவர் கத்தோலிக்கராயிருந்தால் ஆலயம் கத்தோலிக்கருடையதே, மாறாகவும் அப்படியே. விசுவாசத்தைப் பதிவேடு தீர்மானித்தது.

லுத்தரன் பேராயர்கள்

இவ்வேற்பாட்டின்படி 1662 இல் முதலாவதாக ஆட்சிக்கு வந்தவர் எர்ன்ஸ்ட் அவுகுஸ்ட். அவர் குருப்பட்டம் பெற்றவரல்லர். பிரசங்க பீடம் ஏறியவரல்லர். மனைவி மக்களோடு இபுர்க் கோட்டையில் குடியேறியவர். பிறகு ஒஸ்னாப்ரூக் நகரில் அரண்மனை ஒன்று எழுப்பினார். 1679 இல் தமையன் இறந்ததால் ஹனோவர் ஆட்சியும் அவருக்குக் கிட்டியது. 1692 இல் பேரரசரைத் தெரிந்துகொள்ளும் பிரபுக்களுள் ஒருவராக உயர்ந்தார். பேராயர் பதவியை மட்டும் 1698 இல் இறக்கும்வரை விட்டுவிடவில்லை.

இவருடைய மூத்த மகனே பின்னர் 1714 இல் பிரிட்டனின் மன்னரான முதலாம் ஜார்ஜ். தரங்கம்பாடியில் ஊழியம் செய்த சீகன்பால்குவுக்கும் கிருண்ட்லருக்கும் 1717 இல் ஊக்கமளித்துக் கடிதம் எழுதியவர் என்ற முறையில் அம்மன்னரின் பெயர் தமிழ்த் திருச்சபையின் வரலாற்றிலும் இடம்பெறுகிறது. அவர் இளமையில் வளர்ந்தது ஒரு பேராயரின் இல்லத்தில். ஆனால் அந்த இல்லத்தில் பேராயர் என்ற சொல்லுக்கு நாட்டின் வருவாயும் ஆட்சியும் என்பதே பொருளாயிருந்தது. 1727 இல் ஜெர்மனிக்குப் பயணம் செய்தபோது அவர் உயிர் துறந்ததும் ஒஸ்னாப்ரூக்கிலேயே. அப்போது அங்கே பேராயராக அரண்மனையில் இருந்தவர் அவருடைய தம்பி இரண்டாம் எர்ன்ஸ்ட் அவுகுஸ்ட்.

கத்தோலிக்கத் தரப்பும் இதைவிடச் சிறந்ததாயிருந்தது என்று கூற இயலாது. 1728 முதல் 1761 வரை ஆண்ட பவேரியாவின் கிளெமென்ஸ் அவுகுஸ்ட், கொலோன், மியூன்ஸ்டர், பாடர்போர்ன், ஹில்டஸ்ஹைம், ஒஸ்னாப்ரூக் ஆகிய ஐந்து பேராயங்களை ஒருங்கே வகித்தவர். வேட்டையிலும் மாளிகைகள் கட்டுவதிலும் அவர் கொண்ட ஆர்வம் புகழ் பெற்றது. ஐந்து மந்தைகளுக்கு ஒரே மேய்ப்பன் என்றால், எந்த மந்தை மேய்ப்பனின் குரலை அறியும்?

அவருக்குப்பின் லுத்தரன் முறை வந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் இரண்டாவது மகன் பிரெடெரிக் 1763 ஆகஸ்டு 16 இல் பிறந்தார். 1764 பிப்ரவரி 27 இல் ஒஸ்னாப்ரூக் பேராயராகத் தெரிந்துகொள்ளப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஆறு மாதம். இதனைச் சொல்லி நகைப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இத்தேர்தல் ஒப்பந்தத்திற்கு முரணானதன்று. ஒப்பந்தத்தின் நேர்முடிவே இது. பேராயரின் பதவி ஒரு குடும்பத்தின் பாகமான பிறகு, அதை ஏற்பவருக்குப் பேசத் தெரியவேண்டிய அவசியம் என்ன? மனை எழுதிவைக்கப்படும் குழந்தைக்கு வயது கேட்பதில்லையே!

இங்கேதான் நமது விமரிசனம் நம்மையே நோக்கித் திரும்ப வேண்டும். பேராயரிடமிருந்து வாளை அகற்றி வசனத்தைத் திரும்பக் கொடுக்கவேண்டும் என்பது ஆக்ஸ்பர்க் அறிக்கையின் கோரிக்கை. லுத்தரன் பேராயர்களோ வசனத்தை அகற்றி வாளை வைத்துக்கொண்டனர். கத்தோலிக்கப் பேராயர் தமது மேய்ப்புப் பணியை அலட்சியம் செய்தால், அவர் தவறிவிட்டார் என்று சொல்ல ஓர் அளவுகோலாவது இருந்தது. லுத்தரன் பேராயர் மேய்க்கவில்லை என்று எவரும் குறைகூற இயலாது. மேய்ப்பது அவருடைய வேலையென்று எவரும் கருதவேயில்லை. சீர்திருத்தத்தின் பெயரைத் தாங்கியவர்கள், சீர்திருத்தம் கண்டித்த அமைப்பின் பாதியைப் பெற்றுக்கொண்டு மௌனமாயினர். எசேக்கியேல் 34 ஆம் அதிகாரத்தில் தீர்க்கன் கண்டிப்பது தங்களையே மேய்க்கும் மேய்ப்பரை. அக்கண்டனத்திற்கு எந்தச் சபையும் விலக்குப் பெறவில்லை.

மோசரின் நூலும் அதன் எல்லையும்

குழந்தைப் பேராயரின் நாட்களில் நாட்டை உண்மையில் நடத்தியவர் யுஸ்டுஸ் மோசர் (1720–1794) என்னும் லுத்தரன் சட்ட அறிஞர். அவர் பிரபுக்களின் சபைக்குச் சட்ட ஆலோசகர். அதே வேளையில் அரசுக்கும் ஆலோசகர். ஆளுவோருக்கும் ஆளுவோரைக் கட்டுப்படுத்துவோருக்கும் ஒருவரே எழுத்தர் என்ற நிலை, அந்நாட்டின் இயல்பை நன்கு விளக்குகிறது. மார்ட்டின் லூத்தரின் குணநலன்களை விளக்கி வோல்ட்டேருக்குக் கடிதமாக நூல் எழுதியவர். 1766 முதல் உள்ளூர் வார இதழொன்றில் அவர் எழுதி வந்த கட்டுரைகள், அவருடைய மகளால் தொகுக்கப்பட்டு 1774 முதல் வெளியாயின. கவிஞர் கோத்தே அவற்றைப் பெரிதும் போற்றினார்.

மோசரின் முதன்மையான நூல் ஒஸ்னாப்ரூக்கின் வரலாறு. 1768 இல் அதன் முதற்பகுதி வெளிவந்தது. அரசர்களின் வரிசையையும் போர்களின் பட்டியலையும் வரலாறென்று கருதிய காலத்தில், சொந்த நிலமுடைய சாதாரண உழவரையே வரலாற்றின் நடுவில் நிறுத்தவேண்டும் என்று அவர் வாதிட்டார். மன்னர்களுக்கு நேர்ந்த ஏற்றத்தாழ்வுகள் அந்த உழவரின் உரிமையை எவ்வாறு பாதித்தன என்று எழுதுவதே வரலாறு என்றார். திருச்சபை வரலாற்றைப் பேராயர்களின் பெயர்ப்பட்டியலாகவே இன்றும் எழுதும் நமக்கு, இந்நோக்கு ஒரு நல்ல கடிந்துரையாகும். இம்மட்டில் மோசருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

எனினும் அவரது நோக்கிற்கு ஓர் எல்லையுண்டு. நாட்டை ஒரு வணிகக் கூட்டு நிறுவனத்திற்கு ஒப்பிட்டு, உழவரின் நிலமே அதில் அவருக்குரிய பங்குப் பத்திரம் என்று மோசர் ஒரு கட்டுரையில் விளக்குகிறார். நிலமுடையவன் பங்குதாரன், அவனுக்குக் குரல் உண்டு. நிலமில்லாதவன் அந்நிறுவனத்தில் வேலைக்காரனாகலாம்; பங்குதாரனாக இயலாது. ஒஸ்னாப்ரூக்கின் அரசியலமைப்பை அதனுள்ளிருந்து பார்த்த ஒருவருக்கு இவ்வுவமை தோன்றியது தற்செயலன்று என நாம் கருதுகிறோம். பேராயரின் இருக்கை இரு சாராரின் பங்கு; ஆலயங்கள் 1624 ஆம் ஆண்டின் பங்கு; நாடு நிலமுடையோரின் பங்கு. எல்லாம் பங்காகப் பார்க்கப்படும் ஓரிடத்தில் மனிதனும் பங்கினாலேயே அளக்கப்படுகிறான்.

சமயத்தைக் குறித்தும் மோசரின் பார்வை இதுவே. ரூசோவின் இயற்கைச் சமயக் கருத்தை மறுத்து அவர் எழுதிய கடிதத்தில், வெளிப்படுத்தப்பட்ட சமயம் மக்கட் சமுதாயத்தின் ஒழுங்கிற்கு இன்றியமையாதது என்று வாதிடுகிறார். அவர் சமயத்தைத் தாக்கவில்லை, தாங்குகிறார். ஆனால் எதற்காகத் தாங்குகிறார் என்பதே கேள்வி. நாட்டிற்குப் பயன்படுவதால் சுவிசேஷம் உண்மை என்று நிலைநாட்டப்படுமானால், நாட்டிற்குப் பயன்படாதபோது அதன் நிலை யாது? பகைவனின் தாக்குதலைவிட இத்தகைய ஆதரவு திருச்சபைக்கு அதிக ஆபத்தானது.

பங்கில்லாதவர்கள்

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பெயரில்லாதவர்கள் யார் என்று கேட்பதே அதனை மதிப்பிடுவதற்கு ஏற்ற வழி. 1648 ஆம் ஆண்டின் உடன்படிக்கைகள் கத்தோலிக்கர், லுத்தரன் சபையார், சீர்திருத்தச் சபையார் ஆகிய மூவரையே பேரரசில் ஏற்றுக்கொண்டன. மறுஞானஸ்நானக்காரருக்கு அதில் இடமில்லை. ஒஸ்னாப்ரூக்கின் ஒப்பந்தத்திலோ பங்கு பெற்றவர் இருவரே.

அடுத்து, உழவர்களுள் பெரும்பகுதியினர் பிரபுக்களுக்கோ மடங்களுக்கோ குருமன்றத்திற்கோ கட்டுப்பட்ட குடியானவர்கள். திருமணத்திற்கு உடையவரின் இசைவு வேண்டும். பண்ணையை விட்டு வெளியேற விடுதலைப் பத்திரத்தை விலைகொடுத்துப் பெறவேண்டும். குடியானவன் இறந்தால் அவனுடைய அசையும் பொருள்களில் ஒரு பகுதி உடையவருக்குச் சேரும். 1722 இல், லுத்தரன் பேராயரின் ஆட்சியில், இவ்வுறவுகள் சட்டமாக முறைப்படுத்தப்பட்டன. விதவையின் வீட்டில் துக்கம் நீங்குமுன் பொருள்களைக் கணக்கெடுக்க வருபவன் கத்தோலிக்க மடத்தின் கணக்கனா, லுத்தரன் பிரபுவின் கணக்கனா என்பது அவளுக்கு எந்த வேறுபாட்டையும் செய்திராது.

இவர்களுக்கும் கீழே, சொந்தப் பண்ணையின்றிப் பிறர் நிலத்தில் குடிசை வாடகைக்கு இருந்தவர்கள் வாழ்ந்தனர். கோடையில் ஹாலந்துக்கு நடந்துசென்று புல்லறுத்தும் கரிமண் வெட்டியும் கூலி சேர்த்தனர். குளிர்காலத்தில் சணல் நூற்று முரட்டுத் துணி நெய்தனர். அத்துணி நாட்டின் பேராலேயே உலகச் சந்தையில் ஒஸ்னபர்க் என்று அழைக்கப்பட்டது. கடல் கடந்து அமெரிக்கத் தோட்டங்களுக்குச் சென்று அடிமைகளின் ஆடையாயிற்று. திருச்சபை ஆண்ட ஒரு நாட்டின் பெயர், உலகின் மறுகோடியில் அடிமையின் உடைக்குப் பெயராக வழங்கியது என்பதை எந்த வரலாற்று மாணவனும் மறக்கலாகாது. கோலின் கீழ் வாழ்வு நல்வாழ்வு என்னும் பழமொழி ஜெர்மானியப் பேராயர் நாடுகளில் வழங்கியது உண்மை. அங்கே வரிச்சுமையும் படைச் சேர்க்கையும் பிரஷ்யா போன்ற நாடுகளைவிடக் குறைவு என்பதும் ஒப்புக்கொள்ளத்தக்கதே. எனினும் அந்நல்வாழ்வு யாருக்கு என்ற வினாவிற்கு அப்பழமொழியில் விடையில்லை.

சட்டம் தந்ததும் தராததும்

அப்படியாயின் ஒஸ்னாப்ரூக்கின் ஏற்பாட்டை முற்றிலும் தள்ளிவிடலாமா? கூடாது. 1650 முதல் 1802 வரை அந்நாட்டில் வழக்குகள் நடந்தன, மனுக்கள் எழுதப்பட்டன, ஊர்வலப் பாதைகளையும் ஆலயச் சாவிகளையும் குறித்துச் சச்சரவுகள் எழுந்தன. ஆனால் சமயத்தின் பெயரால் அந்நாட்டுச் சபையார் ஒருவர்மேல் ஒருவர் போர்தொடுக்கவில்லை. ஒரே நகரில் கத்தோலிக்கர் நடத்திய கரோலினம் பள்ளியும் நகரமன்றத்தின் லுத்தரன் பள்ளியும் அருகருகே இயங்கின. பேராலயமும் புனித யோவான் ஆலயமும் கத்தோலிக்கருடையவை. புனித மரியாள் ஆலயமும் புனித கத்தரீனாள் ஆலயமும் லுத்தரன் சபையாருடையவை. அவற்றின் மணிகள் ஒரே காற்றில் ஒலித்தன. பாவம் நிறைந்த உலகில் வாளைத் தடுத்து நிறுத்தும் சட்டம் தேவனுடைய பொதுக் கிருபையின் கருவி என்றே நாம் கற்பிக்கிறோம். அந்த அளவில் இவ்வொப்பந்தம் நன்றியோடு நினைக்கத்தக்கது.

ஆயினும் சட்டம் தராத ஒன்று வேறிடத்திலிருந்து வந்தது. அண்டைப் பகுதியான கோல்டன்ஸ்டெட் என்னும் ஊரில் இரு சபையாருக்கும் ஒரே ஆலயம், ஒரே ஆராதனை வேளை. பலிபீடத்தில் கத்தோலிக்கக் குருவானவர் திருப்பலி நிறைவேற்ற, லுத்தரன் சபையார் தங்கள் கீர்த்தனைகளைப் பாடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது நீடித்தது. இதை ஐக்கியம் என்று மிகைப்படுத்த நாம் விரும்பவில்லை. பல வேளைகளில் இது மனக்கசப்போடு கூடிய கட்டாயமாகவே இருந்தது. ஆனாலும் ஒருவர் ஜெபத்தை மற்றவர் வாரந்தோறும் கேட்க நேர்ந்தது. உடன்படிக்கை எழுதியவர்கள் அரியணையைப் பங்கிட்டனர். ஊர் மக்களோ கூரையைப் பகிர்ந்துகொண்டனர். பங்கிடுதலுக்கும் பகிர்தலுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. பங்கிட்டபின் ஒவ்வொருவரும் தம் பாகத்தோடு விலகிச் செல்லலாம். பகிர்ந்துகொள்வோர் கூடியிருந்தே ஆகவேண்டும். திருவிருந்தில் அப்பம் பிட்கப்படுவது பாகம் பிரிப்பதற்காக அன்று என்பதைப் போதகர்களாகிய நமக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை.

1802 இல் பிரெடெரிக் தமது ஆட்சியுரிமையை விட்டுக்கொடுக்க, நாடு ஹனோவருடன் சேர்ந்தது. 1803 பிப்ரவரி 25 ஆம் நாளின் பேரரசுத் தீர்மானம் ஜெர்மானியப் பேராயர் நாடுகளின் காலத்தை முடித்துவைத்தது. அவற்றின் வீழ்ச்சியைத் தடுக்க எந்தச் சபையாரும் உயிரைக் கொடுக்க முன்வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பங்காகப் பெற்றது பங்காகவே கைமாறியது.

அதன்பின் நிகழ்ந்ததையும் கூறாமல் இவ்வாராய்ச்சி நிறைவுறாது. 1857 இல் ஒஸ்னாப்ரூக்கிற்கு மீண்டும் கத்தோலிக்கப் பேராயர் ஒருவர் நியமிக்கப்பட்டார். பவுலுஸ் மெல்கெர்ஸ் என்னும் அவருக்கு நாடில்லை, படையில்லை, வாளில்லை. பின்னர் அவர் கொலோன் உயர் பேராயரானார். திருச்சபையின் காரியங்களில் பிரஷ்ய அரசு விதித்த சட்டங்களுக்குப் பணிய மறுத்ததால் 1874 இல் சிறையிலடைக்கப்பட்டார். அவருடைய கோட்பாடுகள் அனைத்தையும் நாம் ஏற்பதில்லை. எனினும் ஒஸ்னாப்ரூக்கின் இருக்கை நாட்டை இழந்த பிறகே, மனச்சாட்சிக்காகச் சிறை சென்ற ஒருவரை அதனால் தர முடிந்தது. லுத்தரன் சபைகளோ நாட்டு மன்னரையே தலைமைப் பேராயராக ஏற்று 1918 வரை தொடர்ந்தன. வாளிலிருந்து விடுதலை பெறுவதில் சீர்திருத்தத்தின் மக்களே பிந்தினர் என்பதை வேதனையோடு ஒப்புக்கொள்கிறோம்.

இன்றும் ஒஸ்னாப்ரூக் தன்னைச் சமாதான நகரம் என்றே அழைத்துக்கொள்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 25 இல், சமாதானம் நகரமன்றத்தின் படிகளில் அறிவிக்கப்பட்ட நாளை நினைவுகூர்ந்து, பள்ளிச் சிறுவர் மரக்குதிரைகளோடு அப்படிகளில் ஏறி இறங்குகின்றனர். அந்த மகிழ்ச்சிக்கு நாம் குறுக்கே நிற்பதில்லை. ஆனால் குருத்துவப் பணிக்கு ஆயத்தமாகும் மாணவர் இவ்வரலாற்றிலிருந்து கடினமான ஒரு பாடத்தையும் கற்கவேண்டும். சபையின் பதவிகளையும் சொத்துக்களையும் முறைவைத்துப் பகிர்ந்தளித்து ஓர் அமைதியை உண்டாக்கிவிடலாம். சில வேளைகளில் அவ்வாறு செய்யவேண்டிய நிலையும் வரலாம். அப்போதும் அதைச் சமாதானத்தின் தொடக்கம் என்று மட்டும் கொள்வோமாக. நிறைவு என்று மயங்காதிருப்போமாக. இந்த முறை யாருடைய முறை என்று சபை கேட்கத் தொடங்கும்போது, இந்த மந்தையை மேய்ப்பவர் யார் என்னும் கேள்வி மறந்துபோகிறது. ஒஸ்னாப்ரூக்கில் அக்கேள்வியை 150 ஆண்டுகள் எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த அமைதிக்கு அந்நாடு கொடுத்த விலை அதுவே.